கூட வந்தவங்க யாருங்க?

நெஞ்சை ஏதோ இறுக்கிப் பிடிக்கிறது என்று நான் சொன்னபோது எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: வாயு. கீழ்வீட்டு அம்மா ஓமத்தண்ணி குடிக்கச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் நான் வாயைத் திறப்பதற்குள் ரோஸ் நிறத்தில் ஒரு பாட்டிலை எடுத்து முன்னால் வைத்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு நெஞ்சு வலித்தால் அது வாயு. அதே வயது ஆணுக்கு வலித்தால் ஆம்புலன்ஸ். இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் வந்தால் நெஞ்சு இன்னும் இறுகும், அது வேறு தொல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதயத்தின் ரத்தக்குழாய்தான் எனக்குப் பிழைப்பு. டாக்டர் இல்லை நான். பம்பு எஞ்சினியர். கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்றில், பம்புக்குள் தண்ணீர் எப்படிச் சுழல்கிறது, எந்த வளைவில் அழுத்தம் விழுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டே பாதி ஆயுசைக் கழித்தேன். பிறகு பீளமேட்டில் சின்னதாக ஒரு நிறுவனம் ஆரம்பித்தவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். தண்ணீருக்குப் பதில் ரத்தம், இரும்புக்குப் பதில் தசை, மற்றபடி அதே கணக்குதான் மேடம் என்றார்கள். நம்பிப் போனேன்.

அதே கணக்கு இல்லை. முதல் மாதமே மூக்குடைபட்டோம். அங்கே இருந்த அத்தனை பேரும் பம்பிலிருந்து வந்தவர்கள். பம்பு அழுத்தும்போதுதான் தண்ணீர் போகும், அது எங்கள் ரத்தத்தில் ஊறிய சங்கதி. அதனால் இதயம் இறுகும் நேரத்தில் அதன் சொந்தக் குழாய்களிலும் ரத்தம் பாய்வதாக வைத்துக் கணக்கை முடித்து, ஜம்மென்று டாக்டர்களிடம் கொண்டுபோய்க் காட்டினோம். ஒரு டாக்டர் சிரித்தே விட்டார். இதயம் இறுகும்போது தன் குழாய்களையும் சேர்த்து நெரித்துக்கொள்கிறதாம். உடம்பு முழுக்க ரத்தத்தை அனுப்பிவிட்டு, தளர்ந்து கிடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தனக்கென்று எடுத்துக்கொள்கிறதாம். பம்பு பார்த்த ஊர்க்காரர்கள் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். மொத்தத்தையும் கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம்.

நாங்கள் செய்வது இதுதான். நெஞ்சை ஸ்கேன் எடுத்து ஆஸ்பத்திரி அனுப்பும். அதிலிருந்து இதயத்தின் குழாய்களைத் தனியாகப் பிரித்து வரைவோம். எங்கேயாவது அடைப்பு இருந்தால், அதற்கு முன்னால் ரத்தத்தின் அழுத்தம் எவ்வளவு, தாண்டிய பிறகு எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். முன்னால் நூறு என்றால் பின்னால் எண்பதுக்கு மேல் மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம். அதற்குக் கீழே போனால் குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைக்க வேண்டியதுதான். முன்பெல்லாம் ஒரு நெஞ்சுக்கு ராத்திரி முழுக்க மெஷின் ஓடும். காத்திருக்க டாக்டர்களுக்குப் பொறுமை கிடையாது. அதனால் குழாய்களை நேர் நேரான பைப்புகளாக எளிமையாக்கி, டீ குடித்துவிட்டு வருவதற்குள் விடை சொல்கிற வேகக் கணக்கு ஒன்றை எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லை என்று எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

எங்களுக்கு வரும் ஸ்கேனில் பெயர் இருக்காது. ஒரு எண், வயசு, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். யாருடைய நெஞ்சு என்று எங்களுக்குத் தெரியக்கூடாது. எத்தனையோ பேரின் நெஞ்சுக்குள்ளே போய் வந்திருக்கிறேன், ஒருத்தர் முகமும் தெரியாது.

ஆபீஸ் படியில் பாதி ஏறியதும் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, வாயு வைத்தியத்தை மூட்டை கட்டிவிட்டு, என் வீடு இருக்கிற ஆர்.எஸ்.புரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கள் ரிப்போர்ட் வாங்குகிற ஆஸ்பத்திரிதான். டாக்டர் என்னைவிடச் சின்னவர், அடிக்கடி போனில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "மேடம், இடது பக்கம் முன்னால வர்ற குழாய்ல நடுத்தரமா ஒரு அடைப்பு இருக்குதுங்க. பார்த்தா மட்டும் சொல்ல முடியாது. உங்க ஆபீஸுக்கே அனுப்பறேன். நம்பர் போட்டுத்தான் போகும், யாருக்கும் தெரியாது" என்றார். எண்பதுக்குக் கீழே வந்தால் ஒரு நாள் அட்மிட் ஆக வேண்டும் என்றும், எதற்கும் இப்போதே வெளியே பேசி வைத்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

வெளியே கவுண்டரில் ஒரு பெண். தலையில் மல்லிகை, முகத்தில் சிரிப்பு.

"கூட வந்தவங்க யாருங்க?"

"யாரும் வரலை. நான் மட்டும்தான்."

"அட்மிஷனுக்கு அட்டெண்டர் ஒருத்தர் வேணுங்க மேடம். கையெழுத்துப் போடோணும், மருந்து வாங்கியாரோணும், வெளியிலயே இருக்கோணுங்க."

"எனக்குக் கை இருக்குது. நானே போடறேன்."

"உள்ள போனதுக்கப்புறம் ஏதாச்சும் கேக்கோணும்னா நாங்க யாரைங்க கேக்கறது? வீட்டுக்காரர் வருவாருங்களா?"

"இல்லை."

"பசங்க?"

"இல்லை."

"கூடப் பொறந்தவங்க யாராச்சும்? சொந்தத்துலயே இருந்தா நல்லதுங்க."

நான் கத்தினேன். சம்பளம் நான் வாங்குகிறேன், இன்ஷூரன்ஸ் நான் கட்டுகிறேன், நெஞ்சு என்னுடையது, இதற்கு எவன் கையெழுத்து எதற்கு என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தர் பக்கத்திலும் யாராவது ஒருத்தர் இருந்தார். பையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு. அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒண்ணும் அவசரமில்லீங்க, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். அவளும் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கூடப் பிறந்தவர் இருக்கிறார். எனக்கு ஒரே ஒரு அண்ணன், உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு. எங்களுக்குள் சண்டை எல்லாம் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். அப்பா போன பிறகு அண்ணன் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தார், நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் அவர் கேட்பதை நிறுத்தினார். நானும் என்னைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டேன். எனக்கு யாரும் வேண்டியதில்லை என்று ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே சொன்னது வேறு இருக்கிறது. அதற்கப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன். "நல்லா இருக்கியா அம்மணி?" "நல்லா இருக்கேனுங்கண்ணா." அவ்வளவுதான் பேச்சு. இப்போது போய், அண்ணா, எனக்குக் கையெழுத்துப் போட ஆளில்லை, வாங்க என்று எந்த வாயால் கேட்பது?

அதனால் எனக்கு எண்பது வேண்டும். எண்பதுக்கு மேல் எது வந்தாலும் போதும். யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அடைப்பைப் பற்றி எனக்கு இருந்த பயத்தைவிட, அந்த ஒரு போன் மேல் இருந்த பயம்தான் பெரிது. இன்று எழுதும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அன்று அப்படித் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சிடி கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் யாரும் இருக்க மாட்டார்கள். போய் உட்கார்ந்து, என் நெஞ்சை நானே திறந்து பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, வலது பக்கக் குழாய் நல்ல அகலம். அப்பாவின் உடம்புவாகு. இடது பக்கம் முன்னால் இறங்குகிற குழாயில், பக்கவாட்டில் ஒரு கிளை பிரிகிற இடத்திலேயே அடைப்பு இருந்தது. கிளை வாயில் இருக்கிறது என்பதைக் கண் பார்த்துவிட்டது. மனசு பார்க்காத மாதிரி இருந்துகொண்டது. வரைந்த குழாயின் ஓரங்களைச் சரிபார்த்து, வேகக் கணக்கை ஓட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

எண்பத்திரண்டு.

அப்பாடா என்று சத்தமாகவே சொன்னேன். காலி ஆபீஸில் அது எனக்கே விசித்திரமாகக் கேட்டது. ஆட்டோ பிடித்து காந்திபுரம் போய் நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன், எண்ணெய் கூடாது என்று டாக்டர் சொன்ன மறுநாளே. பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம், குழந்தை தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எனக்கு ஒன்றுமில்லையாம் என்று சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு அடைப்பு இருக்கிறது என்றே நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லையே. பரிமாறுகிறவரிடம் காபியில் சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை, எங்கள் ஆபீஸில் ஸ்கேன்களைப் பிரித்து வரைகிற பெண் என் மேஜைக்கு வந்தாள். தாராபுரத்துக்காரி, கெட்டிக்காரி, என்னிடம் திட்டு வாங்காத நாள் அவளுக்குக் கிடையாது.

"ஏனுங்க மேடம், ஒரு கேஸு. வேகக் கணக்குல எம்பத்திரெண்டு வருதுங்க. பொம்பளைங்க, அம்பத்தி மூணு வயசு."

அவள் லேப்டாப்பைத் திருப்பினாள். என் குழாய்தான். வலது பக்கம் அதே அகலம்.

"எண்பதுக்கு மேலதானே? எழுதி அனுப்பு" என்றேன்.

அவள் நகரவில்லை. "அடைப்பு கிளை வாய்லயே இருக்குதுங்க மேடம். எம்பதுக்குப் பக்கத்துல வந்து, கிளை வாய்லயும் இருந்தா, பெரிய கணக்குக்கு அனுப்பியே ஆகோணும்னு நீங்கதானுங்களே விதி போட்டீங்க?"

நான்தான் போட்டேன். வேகக் கணக்குக்குக் குழாய் என்றால் நேர் பைப்பு. கிளை பிரிகிற இடத்தில் ரத்தம் எப்படித் திரும்பும், எங்கே சுழலும் என்பது அதற்குச் சரியாகத் தெரியாது, குத்துமதிப்பாகத்தான் சொல்லும். அந்த இடத்தில் மட்டும் பழைய முறைப்படி, ராத்திரி முழுக்க ஓட விட்டுத்தான் பார்க்க வேண்டும். இந்த விதியை மீறினார் என்று ஒருவரை நான் எல்லோர் முன்னாலும் நார் நாராகக் கிழித்திருக்கிறேன். அவருக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது. அது யாரோ ஒருத்தருடைய நெஞ்சு, விளையாட்டா என்று கேட்டேன்.

"என்னுங்க மேடம், உடம்பு சரியில்லீங்களா? வேர்க்குது உங்களுக்கு."

"ஃபேனைக் கூட்டி வை. பெரிய கணக்குக்கு அனுப்பு."

அவள் போய்விட்டாள். அன்று முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. பேசாமல் இருந்தது யாருக்கும் தெரியவும் இல்லை.

மறுநாள் காலை அவளே வந்து சொன்னாள். "நீங்க போட்ட விதி சரிதானுங்க மேடம். எழுவத்தாறுக்கு எறங்கிப்போச்சு. எம்பத்திரெண்டுன்னு நேத்தே எழுதி அனுப்பியிருந்தா அந்தம்மா மாத்திரையைப் போட்டுட்டு ஊட்டுல உக்காந்திருப்பாங்க. நல்லவேளைங்க."

நல்லவேளைதான். திரையில் என் குழாய் சுழன்றுகொண்டிருந்தது. அடைப்புக்கு முன்னால் சிவப்பு, தாண்டியதும் மஞ்சள், கீழே போகப் போக வெளிறிய பச்சை. எத்தனையோ முறை பார்த்த நிறங்கள்தான். பொறுப்பாளர் என்ற முறையில் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். அட்டெண்டர் இல்லாமலே என் நெஞ்சுக்கு நான் போட்ட ஒரே கையெழுத்து அதுதான் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

அவளையே கேட்டுவிடலாமா என்று தோன்றியது. வாயெடுத்தேன். அவள் கையில் பாதி காய்ந்த மருதாணி. அந்த வாரம் அவளுக்கு நிச்சயம், சாயங்காலம் தாராபுரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று காலையிலிருந்தே துள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க மேடம், ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?"

"ஒண்ணுமில்லை கண்ணு. பத்திரமாப் போயிட்டு வா."

நான் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதேயில்லை. அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

மதியம் டாக்டர் போன் செய்தார். வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போட வேண்டாம், யாரைக் கூட்டி வருகிறீர்கள் என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து, சோற்றை வடித்து, சாப்பிடாமல் மூடி வைத்தேன். போனை எடுத்து அண்ணன் பெயரைப் பார்த்தேன், வைத்தேன். பாத்திரம் கழுவினேன். சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைத்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, வீதியில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அட சனியனே, ஒரு போன் பண்ண இவ்வளவு நாடகமா என்று என்னையே திட்டிக்கொண்டு அழுத்திவிட்டேன்.

"என்ன அம்மணி, பண்டிகை ஒண்ணும் இல்லியே?" என்றார் அண்ணன். நான் கூப்பிட்டால் அவருக்கு அதுதான் தோன்றியிருக்கிறது.

சொன்னேன். ரிப்போர்ட் படிக்கிற மாதிரிதான் சொன்னேன். இந்தக் குழாய், இந்த இடம், எழுபத்தாறு, வெள்ளிக்கிழமை, ஒரு நாள், கையெழுத்து. உங்களுக்கு வேலை இருந்தால் வேண்டாம், நான் வேறு யாரையாவது பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அங்கதான் எனக்கும் வெச்சாங்க."

"என்னதுங்கண்ணா?"

"ஸ்டென்ட்டு. போன ஆடியில. மொதல்ல ஸ்கேன் எடுத்து எங்கியோ அனுப்பி, கம்ப்யூட்டர்ல பார்த்துப்போட்டு, அப்புறம்தான் வெச்சாங்க. ரெண்டு நாள் இருந்தேன். உன்ற ஊட்டுக்கு ரெண்டு வீதி தள்ளித்தான்."

அண்ணி எங்கே போனார் என்று கேட்டேன். மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தாராம். அங்கிருந்துகொண்டு பயந்துவிடுவார் என்று சொல்லவே இல்லையாம். அட்டெண்டர் கேட்டதற்கு, வாடகைக் கார் ஓட்டிக்கொண்டு வந்தவரைத் தம்பி என்று சொல்லிக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார்.

"ஏனுங்கண்ணா, இங்கேயே கெடந்துட்டு என்னைக் கூப்பிடணும்னு தோணலியா?" என்று கத்தினேன். என் வாய்க்கு அது ஒன்றுதான் தெரியும்.

"போனைக் கையில எடுத்தேன் அம்மணி. நீ வேலையில இருப்பே, உனக்கெதுக்குத் தொந்தரவுன்னு வெச்சுப்போட்டேன்."

வேலையில்தான் இருந்தேன். போன ஆடியில் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஸ்கேன் ஒவ்வொன்றும் என் மேஜை வழியாகத்தான் போனது. ஆண், அறுபதை ஒட்டிய வயசு, ஒரு எண். அண்ணனின் நெஞ்சை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அடைப்பைக் கண்டுபிடித்து, எத்தனை மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போயிருக்கிறேன். அவர் ரெண்டு வீதி தள்ளி, யாரோ ஒரு டிரைவரைத் தம்பி என்று சொல்லிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அண்ணன் காதில் விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

போனில், அவர் தோப்பில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு, நாளைக்குக் காலையிலயே வாரேன்" என்றார். "எழுவத்தாறு, எம்பதெல்லாம் எனக்குத் தெரியாது. உனக்கு என்ன பண்ணுது, அதைச் சொல்லு."

டாக்டர் வலியைக் கேட்டிருந்தார், ஆனால் இப்படி என்னை யாரும் கேட்டிருக்கவில்லை. நெஞ்சு இறுகுவதைத் தவிர வேறெதையும் நானும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"பயமா இருக்குதுங்கண்ணா" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு கண்ணு" என்றார் அண்ணன். "சொல்றதுக்குத்தான் யாரும் இல்லை."